சி வரிசையில் கல் காயவில்லை

ஆர்டிஸ் டுவோராக் புதிதாக ஓரிடத்துக்குத் தன் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு வந்தால், வண்டியை நிறுத்தியதும் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டார். எட்டு மணி நேரம் ஓட்டி வந்திருந்தாலும் சரிதான். ஒரு கையில் மீட்டர், இன்னொரு கையில் அடுப்படிக் கையுறை, நேராக மின்தூணிடம் போவார். இடுப்புயரத் தூண். மூடியைத் திறந்து, மீட்டரின் முனைகளைத் துளைகளில் வைத்து, எண்ணை வாய்விட்டுப் படிப்பார். பிறகு பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் தன் வயரைச் சொருகுவார்.

குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து டிரெய்லரோடு வருகிறவர்கள் தங்கும் எங்கள் பார்க்குக்கு, மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் அவர் வந்த அன்றும் அப்படித்தான் செய்தார். அதன் பிறகே அலுவலகத்துக்கு வந்து தன் பெயரைச் சொன்னார்.

"நூத்திப் பதினெட்டு வோல்ட் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப காலைல பத்து மணி. நாலு மணிக்குத் திரும்ப வர்றேன், கண்ணு."

கரண்டைப் பற்றி யார் கேட்டாலும் "எங்கள் பார்க்கில் மின்சாரம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும்படி முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷில் கேட்டால் ஸ்பானிஷிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆர்டிஸிடமும் சொன்னேன். நாலு மணிக்கு அவர் திரும்ப வந்தார். "நூத்தி ஏழு" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மேசையில் ஒரு எலுமிச்சைக் கேக் துண்டை வைத்துவிட்டுப் போனார்.

நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். கரண்ட் அவருக்குச் சொந்தப் பாடம் இல்லை. அதைக் கற்றுக்கொடுத்தது மைலோ, கணவர் லீராயின் தம்பி. ஓய்வு பெற்றதும் ஆர்டிஸும் லீராயும் ஒரு டிரெய்லர் வாங்கினார்கள். முதல் பயணத்தின் முதல் நிறுத்தம் மைலோவின் வீடு. அண்ணனும் அண்ணியும் வருகிறார்களே என்று மைலோ தன் முற்றத்தில் அவர்களுக்காகவே ஒரு பிளக் பொருத்தி வைத்திருந்தான். வீடுகளுக்கு வயர் இழுக்கும் எலக்ட்ரீஷியன் அவன். முப்பது ஆம்ப், மூன்று துளை என்றதும் அவன் கண்ணுக்குத் துணி உலர்த்தும் மெஷினின் பிளக்தான் தெரிந்தது. அந்த மெஷினுக்கு இருநூற்று நாற்பது வோல்ட் வேண்டும். டிரெய்லருக்கு அதில் பாதிதான். லீராய் சொருகினார். டி.வி., மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜர், ஃபிரிட்ஜின் மூளை என்று எல்லாம் போய்ச் சேர, கையைத் தட்டும் நேரம்தான் ஆனது.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஆர்டிஸ் சிரிப்பார். வாசலில் வரவேற்புக் கோலத்தில் நின்ற மைலோ முகம் வெளுத்ததும், அவன் மனைவி உடனே எல்லோருக்கும் ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக் கொடுத்ததும், புகை நாற்றத்தோடு அதைச் சாப்பிட்டதும் வரிசையாக வரும். யாரும் மைலோவைத் திட்டவில்லை. அடுத்த ஊரிலேயே ஆர்டிஸ் ஒரு பாதுகாப்புப் பெட்டி வாங்கினார். தூணுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டுவது. வோல்டேஜ் தாறுமாறாக ஏறினாலும் வெட்டிவிடும், நூற்று நாலுக்குக் கீழே இறங்கினாலும் வெட்டிவிடும். நிலைமை சரியானதும் இரண்டு நிமிடம் பொறுத்துத் திரும்ப இணைக்கும். லீராய் ஆறு வருடம் முன்பு இறந்துபோனார். ஆர்டிஸ் வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே தங்கிவிட்டார். கருகினால் போய் ஒதுங்க அவருக்கு வேறு கூரை இல்லை.

எங்கள் பார்க்கில் அவருக்குக் கிடைத்த இடம் சி வரிசையில் எட்டாவது. ஒன்பதாவதில் மினசோட்டாவிலிருந்து வந்த வெர்னா லோஃப்கிரென். எழுபத்தெட்டு வயது, இரண்டு தடவை விதவை. எதைச் சொன்னாலும் முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். நுரையீரல் பலவீனத்தால் மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின், கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் மெஷின் கூவும். வெர்னா சிலிண்டருக்கு மாறிக்கொள்வார். சிலிண்டர் ஐந்து மணி நேரம் வரும் என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மகள் கிறிஸ்டி தினமும் மாலை நாலரைக்கு டுலூத்திலிருந்து போன் செய்வாள், மெஷின் கூவுவதும் பெரும்பாலும் நாலரைக்குத்தான்.

இந்த வருடம் மார்ச் மாதமே வெயில் நூறு டிகிரியைத் தொட்டுவிட்டது. வடக்கிலிருந்து வந்தவர்கள் யாரும் இன்னும் கிளம்பவில்லை. பார்க் நிறைந்திருந்தது. மூன்று மணிக்கு மேல் எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். ஏ வரிசையிலும் பி வரிசையிலும் பிரச்சினை இல்லை. சி வரிசையில் எண் இறங்க ஆரம்பிக்கும். நூற்றுப் பத்து, நூற்று ஏழு, நூற்று மூன்று. பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக 'டக்' என்று வெட்டிக்கொள்ளும். வெர்னாவின் மெஷின் கூவும். மூன்றாவது வாரத்தில் கிறிஸ்டி போனில் அந்தக் கூவலை ஐந்தாவது தடவையாகக் கேட்டாள். ஏப்ரல் நாலாம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், அம்மாவை டுலூத்தில் முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகவும் சொல்லிவிட்டாள்.

வெர்னா இந்தச் செய்தியை ஆர்டிஸின் டிரெய்லரில் உட்கார்ந்து சொன்னபோது, நான் தபாலைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"நல்ல இடம்தானாம். ஜன்னல்ல ஏரி தெரியுமாம்."

"ஏரி எப்பவும் உறைஞ்சிருக்குமே, வெர்னா."

"ஆமா. அதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

அன்று அவர் "ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை.

ஆர்டிஸ் ஏற்கனவே ஒரு வழி முயன்று பார்த்திருந்தார். வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றைத் தருவித்து வெர்னாவுக்கு மாட்டினார். வெர்னாவுக்கு நூற்றுப் பதிமூன்று வந்தது. ஆனால் அது தன் தேவைக்கு வரிசையிலிருந்து கூடுதலாகக் கரண்டை இழுத்ததால், பத்தாவது, பதினொன்றாவது இடங்களில் முன்னைவிடக் கீழே இறங்கியது. இரண்டே நாளில் கழற்றிவிட்டார். ஒருத்தர் மூச்சு விட மற்றவர் ஏ.சி. கருகுவது வெர்னாவுக்கும் பிடிக்கவில்லை.

சரியாக வயர் போடவேண்டியவர் முதலாளி. பெயர் டேரல் மோஸ்பி, சான் அன்டோனியோக்காரர். கெட்டவர் இல்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை பஸ் அளவு பெரிய தன் மோட்டார் வீட்டில் வந்து இறங்குவார், ஏ வரிசை முதல் இடத்தில், மெயின் பெட்டிக்குப் பக்கத்தில். காலை எட்டு மணிக்கு பார்க்கின் பொது மன்றத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பார்க்கில் உள்ள எல்லோருக்கும் தன் கையாலேயே பான்கேக் என்ற இனிப்புத் தோசை சுட்டுப்போடுவார். அவர் அப்பா காலத்திலிருந்து இங்கே அது வழக்கம். பான்கேக்கைக் காற்றில் தூக்கிப்போட்டு வாங்குவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. யாராவது கரண்டைப் பற்றிச் சொன்னால், தன் மோட்டார் வீட்டுச் சுவரில் உள்ள வோல்டேஜ் எண்ணைக் காட்டுவார். காலை எட்டு மணிக்கு, மெயின் பெட்டிக்குப் பக்கத்தில், அது எப்போதும் நூற்றுப் பத்தொன்பதுதான். மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்.

"அவர் கண்ணால பாக்கணும்" என்றார் ஆர்டிஸ். சனிக்கிழமை காலையிலேயே சி வரிசை முழுக்க ஏ.சி.யை ஓடவிட்டு, டேரலைக் கூட்டி வந்து மீட்டரைக் காட்டுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை.

ஒத்திகை சொதப்பியது. வரிசையில் இருந்த பன்னிரண்டு டிரெய்லரின் ஏ.சி.யும் ஓட ஆரம்பித்ததும் மீட்டர் நூற்று மூன்றுக்கு வந்தது. ஆர்டிஸ் விரலை உயர்த்தினார். உடனே பெட்டிகள் தம் வேலையைச் செய்தன. டக், டக், டக் என்று ஏழு டிரெய்லர்கள் வெட்டிக்கொண்டன. சுமை குறைந்ததும் மீட்டர் குதித்து ஏறி நூற்றுப் பதினாறில் நின்றது. இரண்டு நிமிடம் கழித்து எல்லாம் திரும்ப ஒட்டிக்கொண்டன, திரும்ப விழுந்தன. கதவைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளைகளைப் போல எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. டேரல் குனிந்து பார்க்கும் நேரத்தில் என்ன எண் இருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது.

இதற்கு நடுவில் ஒரு ஏ.சி. மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. பதினொன்றாவது இடம், வெண்டல். அவர் பெட்டியின் பக்கத்தில் ஒரு விசை உண்டு. அதைத் திருப்பினால் பெட்டி எதையும் பார்க்காமல் கரண்டை அப்படியே விட்டுவிடும். தன் பெட்டி பழுது, சும்மா சும்மா அணைகிறது என்று வெண்டல் ஒரு வாரமாக அதைத் திருப்பி வைத்திருந்தார். வெண்டல் மட்டும் இல்லை, பெட்டி வாங்குகிற பாதிப் பேர் செய்கிற காரியம் அது. ஆர்டிஸ் ஓடிப்போய் அவர் தூணில் பிரேக்கரை அணைத்தார்.

"என் கரண்ட அணைக்க நீ யாரு?" என்றார் வெண்டல், நாற்காலியை விட்டு எழாமல்.

"உன் ஏ.சி. அழுறது கேக்கல? வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் அதே வேலைக்குக் கூடுதலா கரண்ட இழுக்கும். சூடாகிக் கருகும்."

"என் பெட்டிதான் பழுதுன்னு சொன்னேனே."

"இந்த வரிசையில உன் பெட்டி ஒண்ணுதான் உங்கிட்ட உண்மையச் சொல்லிச்சு. அதோட வாயத்தான் நீ பொத்திட்ட."

வெண்டல் யோசித்தார். "அப்ப நாளைக்கு எல்லாருமே பொத்திக்குவோம். ஒரு கால் மணி நேரம்தானே. எண்ணு கீழயே நிக்கும், டேரலும் பாப்பாரு."

அது நடந்திருக்கும். வரிசையில் நாலு பேர் உடனே சரி என்றார்கள். ஆனால் ஆர்டிஸ் மாட்டேன் என்றுவிட்டார். கால் மணி நேரத்தில் யாருடைய ஏ.சி. போகும், யாருடையது தப்பும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் வைக்கமுடியாது. கூட்டம் கலைந்தது. வெர்னா தன் நாற்காலியை மடக்கிக்கொண்டு, டுலூத்துக்கு எந்தக் கம்பளிக் கோட்டு எடுத்துப்போவது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

ஆறு மணிக்கு ஆர்டிஸ் அலுவலகத்துக்கு வந்தார். காலை பான்கேக்குக்கு முட்டையும் மாவும் எடுத்து வைப்பது அவர் பொறுப்பு, நானும் கூடவே மன்றத்துக்குப் போனேன். அங்கே அலமாரியில் கரண்டில் காயும் நீளத் தோசைக்கற்கள் நாலு இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"கண்ணு, இதுல மோட்டார் இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"வெறும் கம்பிச்சுருள். வோல்டேஜ் குறைஞ்சா இதுக்கு ஒண்ணும் ஆகாது. சூடு குறையும், அவ்ளோதான். ஹீட்டரும் அப்படித்தான். இங்க எத்தன பேர் கிட்ட ஹீட்டர் இருக்கு?"

எல்லோரிடமும் இருந்தது. ஜனவரியில் வடக்குக் காற்று வீசும் நாலு நாளுக்காக ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். ஒரு ஹீட்டரும் ஒரு ஏ.சி.யும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்டைத்தான் இழுக்கும். ஹீட்டரைத் தூணிலேயே நேராகச் சொருகலாம், பெட்டியும் குறுக்கே வராது. பான்கேக் இந்த மாதம் மன்றத்தில் இல்லை, சி வரிசையில் திறந்தவெளியில் என்று அறிவிப்பு எழுதச் சொன்னார். முதலாளியைக் கேட்கவேண்டாமா என்றேன். அறிவிப்பை அழகாக எழுது, பூவெல்லாம் போடு, அவருக்குப் பிடிக்கும் என்றார். இரண்டு மொழியிலும் எழுதி, ஓரத்தில் சூரியகாந்தி போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்றது. உள்ளே எதுவும் கருகாதபடி சி வரிசையில் எல்லோரும் டிரெய்லரின் பிரதான பிரேக்கரை அணைத்திருந்தார்கள். வெர்னா சிலிண்டரோடு, தொப்பி போட்டுக்கொண்டு முதல் வரிசை நாற்காலியில் இருந்தார். பன்னிரண்டு ஹீட்டர்கள் வெளியே புல்லில், ஆட்கள் இல்லாத பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டுச் சிவந்து எரிந்தன. ஒரு ஹீட்டரின் முன்னால் வெண்டல் கையை நீட்டிக் குளிர் காய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

டேரல் ஏப்ரனோடு வந்தார். ஹீட்டர்களைப் பார்த்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டார். வயசானவர்களுக்குக் காலையில் குளிர்கிறது என்றார் ஆர்டிஸ். டேரல் சிரித்துவிட்டுக் கல்லில் மாவை ஊற்றினார். ஆறு பான்கேக், வட்டமாக, ஒரே அளவில். கையில் தட்டோடு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

மாவு அப்படியே கிடந்தது. குமிழி வரவில்லை. டேரல் குமிழைத் திருப்பிச் சூட்டைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார். ஒன்றைத் திருப்பப் பார்த்தார். அது கரண்டியில் பாதியும் கல்லில் பாதியுமாக நின்றது. கல் சரியில்லை என்றார். ஆர்டிஸ் இரண்டாவது கல்லைக் காட்டினார். அதுவும் காயவில்லை. மாவில் தண்ணீர் அதிகம் என்றார். முப்பத்தோரு வருடம் தினமும் நானூறு பிள்ளைகளுக்கு மாவு கலக்கியவரைப் பார்த்து இதைச் சொன்னது தவறு. வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"டேரல், எனக்கு எழுபத்தெட்டு வயசாகுது" என்றார் வெர்னா நாற்காலியிலிருந்து. "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டேரலும் சிரித்தார், ஆனால் காது சிவந்திருந்தது. அப்போதுதான் ஆர்டிஸ் மீட்டரைத் தூணில் வைத்து, அவர் பார்க்கும்படி திருப்பினார். தொண்ணூற்றெட்டு.

"இத்தன ஹீட்டர எரியவிட்டா குறையாதா?" என்றார் டேரல்.

"ஒரு ஹீட்டர் ஒரு ஏ.சி. அளவுதான். தெனமும் நாலு மணிக்கு இந்த வரிசையில இதுதான் ஓடுது. ஒவ்வொரு தூண்லயும் முப்பது ஆம்ப்னு எழுதிருக்கீங்க. இங்க ஒருத்தரும் முப்பதத் தாண்டல, டேரல். கல்லு வச்ச தூணுகூடத் தாண்டல."

டேரல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையின் நீளத்தைப் பார்த்தார். மெயின் பெட்டி இருக்கும் திசையைப் பார்த்தார். பான்கேக்குக்காகத் தட்டோடு நின்றிருந்த எங்கள் எலக்ட்ரீஷியன் செனோனைக் கூப்பிட்டார். செனோனுக்கு ஆங்கிலம் குறைவு. அவர் ஸ்பானிஷில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வரிசைக்கு வரும் வயர் பழைய அலுமினியம், இவ்வளவு தூரத்துக்கு அந்தத் தடிமன் போதாது, இணைப்பு முனைகளும் கருத்துப்போயிருக்கின்றன, டிரெய்லரில் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் இருந்த காலத்தில் போட்டது.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று டேரல் கேட்டார்.

செனோன் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் நானே சொன்னேன். "ரெண்டு வருஷம் முன்னாடி எழுதிக் கொடுத்தாரு, மிஸ்டர் மோஸ்பி. நான்தான் இங்கிலீஷ்ல எழுதி உங்க மேசையில வச்சேன். அதுக்கப்புறம் நான் ஞாபகப்படுத்தல." என் குரல் எனக்கே கேட்காத அளவில் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் அப்போது வேறு சத்தம் இல்லை.

டேரல் கல்லிலிருந்து ஒரு வெளுத்த பான்கேக்கைச் சுரண்டி எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். "அப்பா இருந்திருந்தா என்னத் தூக்கி இந்தக் கல்லுல போட்டிருப்பாரு" என்றார்.

"போட்டாலும் வேகமாட்டீங்க" என்றார் வெண்டல்.

அன்று மதியம் அவர் கிளம்பவில்லை. செனோனோடு பள்ளம் தோண்டும் இடத்தைக் குறித்தார். தன் மோட்டார் வீட்டை ஏ வரிசையிலிருந்து எடுத்து, வெர்னாவின் டிரெய்லரை அங்கே இழுத்து நிறுத்தச் சொன்னார். வெர்னா ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்டிஸ் பக்கத்தில் இல்லாமல் அங்கே யாரோடு சண்டை போடுவது என்று கேட்டார். கடைசியில் மெயின் பெட்டியிலிருந்து அவர் மெஷினுக்கு மட்டும் தனியாக ஒரு தடித்த வயர் வந்தது. மற்ற பதினொரு பேரும் மாலையில் முறைபோட்டு ஏ.சி. ஓட்டினார்கள், ஒற்றை எண்ணுக்கு ஒரு மணி நேரம், இரட்டை எண்ணுக்கு ஒரு மணி நேரம். தங்கள் ஏ.சி. ஓடாத நேரத்தில், அது ஓடும் பக்கத்து டிரெய்லரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வெண்டல் எந்த எண்ணிலும் உட்கார்ந்திருந்தார்.

புதுச் செம்பு வயர் ஏப்ரல் இரண்டாம் தேதி இணைக்கப்பட்டது. மறுநாள் மாலை நாலு மணிக்கு வெயில் நூற்றொன்று. பன்னிரண்டு ஏ.சி.யும் ஓடின. நாலரைக்குக் கிறிஸ்டியின் போன் வந்தபோது வெர்னா படியில் உட்கார்ந்திருந்தார், ஆர்டிஸ் தூணருகே நின்றார், நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்டி முதலில் கூவல் கேட்கிறதா என்று காதுகொடுத்தாளாம். பிறகு, எண் என்ன என்று கேட்டாள்.

"நூத்திப் பதினஞ்சு" என்றார் வெர்னா. "ஆர்டிஸ் கூட நிக்கிறா. வேணும்னா அவகிட்ட கேளு."

போனை ஆர்டிஸ் வாங்கினார். கிறிஸ்டி நிறையக் கேள்வி கேட்டாள். ஆர்டிஸ் ஒவ்வொன்றுக்கும் எண்ணாகவே பதில் சொன்னார். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்தார். வெர்னா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி மகளே, சரி மகளே என்று வைத்தார்.

"என்ன சொல்றா?" என்றார் ஆர்டிஸ்.

"டிக்கெட் எடுத்தது எடுத்ததுதானாம். காசத் திருப்பிக் கொடுக்க மாட்டாங்களாம். அதனால வரத்தான் போறா." வெர்னா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வாரம் இருந்துட்டு அவ மட்டும் போவாளாம். எங்க படுக்க வைக்கிறது அவள?"

ஆர்டிஸ் தன் டிரெய்லரின் சோபாவைக் கட்டிலாக விரிக்கலாமா என்று பார்க்க உள்ளே போனார்.